சிவப்பு எழுத்தில் இருந்த கடன்

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கூட்டுத் தொகைக்கு மேலே ஒற்றைக் கோடு, கீழே இரட்டைக் கோடு. பாக்கி என்றால் சிவப்பு மை. பேரேட்டில் எண்ணுக்கு எவ்வளவு மரியாதையோ, அதில் பாதி அதன் அலங்காரத்துக்கும் உண்டு. பேனாவை மாற்றினால் சிவப்பு. மறுபடி மாற்றினால் கறுப்பு. தீர்ந்தது வேலை.

கம்ப்யூட்டரில் ‘டெர்மினல்’ என்றொரு கறுப்புத் திரை உண்டு. மவுஸ் இல்லை, படம் இல்லை, எழுத்து மட்டும் வரிசையாக ஓடும். ரயில்வே ரிசர்வேஷன் கவுன்டரில் எட்டிப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. அங்கே பேனாவை எப்படி மாற்றுவது?

தனியாக ஒரு வழி கிடையாது என்பதுதான் வேடிக்கை. புரோகிராமுக்கும் திரைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு குழாய். எழுத்து போகிற அதே குழாயில்தான் “இனிமேல் சிவப்பில் காட்டு” என்ற உத்தரவும் போயாக வேண்டும். அதற்கு முதலில் ஒரு ரகசிய சமிக்ஞை: எஸ்கேப், அதாவது 27-ம் எண். அதன் பின்னால் ஒரு சதுர அடைப்பு, ஓர் எண், கடைசியில் சின்ன ‘எம்’. எண் 1 என்றால் தடித்த எழுத்து. 4 அடிக்கோடு. 7 போட்டால் பின்னணியும் எழுத்தும் இடம் மாறிக் கொள்ளும். 31 சிவப்பு. 0 போட்டால் எல்லா அலங்காரமும் கலைந்து பழைய கோலம்.

கல்யாண வீட்டில் மைக் பிடித்து மொய் வாசிக்கிறவரிடம் சீட்டு நீட்டுவார்கள். நடுவில் ஒரு சீட்டில் “சத்தத்தைக் குறை” என்று இருக்கும். விஷயம் தெரிந்தவர் குறைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். தெரியாதவர் அதையும் கணீரென்று வாசித்துவிடுவார்! டெர்மினலுக்கு அனுப்பிய எழுத்தை ஒரு ஃபைலில் பிடித்து நோட்பேடில் திறந்தால், ஊடே ஊடே அடைப்பும் 31-ம் எம்-மும் பல்லை இளிப்பது இதனால்தான்.

இந்த முறையைப் பிரபலமாக்கியது டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி 1978-ல் கொண்டுவந்த விடி-100 டெர்மினல். நிறம் கிடையாது, தடிப்பு, அடிக்கோடு, சிமிட்டல், தலைகீழ் மட்டும். 1979-ல் அமெரிக்காவில் இதற்குத் தர நிர்ணயமும் வந்தது. நிறமெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அந்த டெர்மினல்களைக் காயலான் கடைக்குப் போட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் இன்றைய லினக்ஸ் டெர்மினலிலும் 27-ம் அடைப்பும் எம்-மும்தான் ராஜா.

சரி, எழுத்து சிவந்தால் என்ன, கறுத்தால் என்ன? போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடை ஒன்றில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததை, அங்கே கணக்கு எழுதிய நண்பர் சொல்லக் கேட்டேன்.

ஏலக்காய் மலையில் காய்க்கும். கணக்கு அடிவாரத்தில் காய்க்கும். தோட்டக்காரர்கள் அறுவடைக்கு முன்பே கடையில் முன்பணம் வாங்குவார்கள். காய் வந்ததும் கழித்துக் கொள்வார்கள். கடையில் இருந்தது ஒரு பழைய கறுப்புத் திரை புரோகிராம். கடை தரவேண்டிய தொகை வெள்ளையில் வரும். தோட்டக்காரர் தரவேண்டியது சிவப்பில் வரும். மைனஸ் குறி கிடையாது. திரையைப் பார்க்கிறவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு நாள் பிரின்டர் வாங்கினார்கள். கறுப்பு ரிப்பன் போட்ட டாட் மேட்ரிக்ஸ். காகிதத்தில் அடைப்பும் எம்-மும் விழுந்து அசிங்கமாகிவிடக் கூடாதென்று, புரோகிராம் எழுதியவர் பொறுப்பாக எல்லா உத்தரவுகளையும் வடிகட்டிவிட்டார். குப்பை போனது. கூடவே அர்த்தமும் போனது.

அடுத்த வாரம் ஒரு தோட்டக்காரர் சீட்டோடு வந்து நின்றார்.

“தம்பி, பதினெட்டாயிரத்து நானூறை எடுத்து வையுங்க. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்.”

“அண்ணாச்சி, அது நீங்க கடைக்குத் தரவேண்டியது!”

“யாரு, நானா? சீட்டுல மைனஸ் கியினஸ் ஏதாச்சும் இருக்கா? உங்க கடைச் சீட்டுதானேப்பா இது?”

நண்பர் திரையைத் திருப்பிச் சிவப்பைக் காட்டினார். அவர் அசரவில்லை. “அதை நீ எப்ப வேணா மாத்திக்கிடுவ. எனக்குக் காகிதம் பேசணும்.”

கடைசியில் முதலாளி பழைய கைநோட்டை எடுத்து, முன்பணத்துக்கு அவரே போட்ட கையெழுத்தைக் காட்டினார். மனுஷர் ஒன்றும் பேசவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஃபீஸுக்கு என்ன செய்தாரோ! அன்று சாயங்காலமே தொகைக்குப் பக்கத்தில் ‘பற்று’, ‘வரவு’ என்று வார்த்தையாகவே அச்சாகும்படி மாற்றிவிட்டார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். உங்கள் ஆபீஸிலேயே யாராவது இருக்கலாம். நிறம் அழகுக்கு இருக்கட்டும். செய்தியை எழுத்து சொல்ல வேண்டும்.

பிரின்டரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்கும் தனி பாஷை உண்டு. எப்ஸன் வகை பிரின்டருக்கு 14-ம் எண்ணை அனுப்பினால் எழுத்து இரண்டு மடங்கு அகலமாகும். வரி முடிந்ததும் தானாக அடங்கிவிடும். கடைப் பெயரைப் பெரிதாகப் போட இதுதான் தோது. ஆனால் 15 அனுப்பினால் எழுத்து சுருங்கும். 18 அனுப்பி நிறுத்தும் வரை சுருங்கியபடியே கிடக்கும். மறந்தால் அடுத்தவர் பில்லும் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் வரும்.

இந்த இரண்டு குணத்தில் எது நல்லது? நம் நாட்டில் இதை யோசித்திருக்கிறார்கள். இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டரில் எழுத 1991-ல் வந்த ‘இஸ்கி’ தர நிர்ணயத்தில் 239-ம் எண் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதற்கடுத்த எண்ணைப் பொறுத்து எழுத்து தடிக்கும், சாயும், அடிக்கோடு பெறும். தேவநாகரியிலிருந்து தமிழுக்கும் தாவும்! வரி முடிந்தால் அந்த அலங்காரமும் முடிந்தது. விடி-100 பாணியிலோ 0 சொல்லும் வரை விடாது. என் ஓட்டு இஸ்கிக்குத்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது விளக்கை அணைக்க எல்லாருக்கும் ஞாபகம் வருகிறதா என்ன? ஆனால் யூனிகோட் வந்து இஸ்கியை ஓரங்கட்டிவிட்டது. ஜெயித்தது எஸ்கேப்.

ஆகவே, இப்போது புரோகிராம் எழுதும் தம்பிகள் பார்த்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எழுத்து போவது திரைக்கா, ஃபைலுக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். திரை என்றால் மட்டும் நிறம். எண்களை நேரடியாக எழுதாமல் ‘டிபுட்’ கட்டளையிடம் கேட்டால், அந்த டெர்மினலுக்கு எந்த உத்தரவு புரியும் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லும். எனக்கு நிறமே வேண்டாம் என்கிறவர்களுக்காக ‘நோ கலர்’ என்றொரு ஏற்பாடு 2017-ல் வந்தது. அந்தப் பெயரில் ஒரு மாறியை வைத்துவிட்டால், அதை மதிக்கிற புரோகிராம்கள் வண்ணம் பூசாமல் விட்டுவிடும்.

இத்தனைக்கும் மேல், ஏதோ ஒரு புரோகிராம் பாதியில் செத்துப்போய் உங்கள் லினக்ஸ் திரை முழுக்கச் சிவப்பாகவோ, கறுப்பில் கறுப்பாகவோ நின்றுவிட்டால் கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். ‘ரீசெட்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். டைப் செய்வது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். பரவாயில்லை, தைரியமாக என்டரைத் தட்டுங்கள்.