பழைய வேர்க்ஸ்டேஷனுக்குப் புதிய புரொசஸர்

அலுவலகங்கள் கழித்துவிட்ட வேர்க்ஸ்டேஷன்கள் பாவித்த கணினிகளாக இப்போது வீடுகளுக்கு வருகின்றன. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் இருப்பது எச்பி இஸட் 420. என் உயர்தரப் படிப்புக்கென்று வாப்பா எடுத்தது. தம்பிக்கோ அதில் கேம் விளையாட வேண்டும்; புரொசஸரை மாற்றித் தரச்சொல்லி வாப்பாவை நச்சரிக்கிறான்.

மாற்றலாம்தான். எங்களுடையதில் இருப்பது ஸியோன் ஈ5-1620: 4 கோர், 3.6 கிகாஹேர்ட்ஸ். 2013இல் வந்த ஈ5-1650 வி2வில் 6 கோர், வேகம் 3.9 வரை ஏறும். இரண்டும் 130 வாட் என்பதால் பழைய கூலரே போதும்.

ஆனால் காசு கொடுக்குமுன் பயோஸைத் திறந்து ‘பூட் பிளொக்’ திகதியைப் பாருங்கள். 2013 என்றால் வி2 வேலை செய்யும். 2011 என்றால் கணினி எழும்பவே எழும்பாது. பயோஸைப் புதுப்பித்தாலும் அந்தத் திகதி மாறாது. வெளியே பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒன்றுதான்! எங்களுடையது 2011. அதற்கு வி2 அல்லாத பழைய ஈ5-1650தான் பொருந்தும்.

கழற்றும்போது கவனம்: ஊசிகள் புரொசஸரில் இல்லை, மதர்போர்டின் சொக்கெட்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டே போய்விடலாம். தேர்மல் பேஸ்டும் புதிதாகப் பூச வேண்டும்.

உண்மையில் புரொசஸர்தான் குறையா? கேமின் ரெசலூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் குறை கிராஃபிக்ஸ் கார்டில், கூடாவிட்டால் புரொசஸரில். எங்களுக்கு நன்றாகவே கூடியது. இனி கார்ட் வாங்குமுன் பவர் சப்ளை 400 வாட்டா, 600 வாட்டா என்று பார்க்க வேண்டும். தம்பி இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறான்.