பழைய "புல்லட்" வாங்கப் போகிறீர்களா?

ராயபுரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகனுக்கு எண்ணூரில் வேலை கிடைத்துவிட்டது. ஷிப்டு வேலை. நள்ளிரவில் வீடு திரும்ப பஸ் கிடைப்பதில்லை.

"ஒரு வண்டி இருந்தால் நல்லது, அம்மா" என்கிறான் மகன்.

இரண்டு ஆண்டுகள் கட்டிய சீட்டை எடுத்துக் கொடுக்கிறாள் தாய். புது வண்டிக்கு அந்தப் பணம் போதாது. பழைய "புல்லட்" மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. கறுப்புப் பெயிண்டு கண்ணாடி போல் மின்னுகிறது. பெட்ரோல் டாங்கியில் தங்க நிறக் கோடு! மகன் மயங்கிவிடுகிறான்.

சீட்டுப் பணம் வண்டியாக நிற்குமா? அல்லது காயலான் கடை இரும்பாகப் போகுமா? ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துப்பாக்கியும் புல்லட்டும்

இந்த வண்டிக்குத் துப்பாக்கிக் குண்டின் பெயர் ஏன் வந்தது? அதற்கு ஒரு கதை உண்டு.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசி செய்வதில் பெயர் பெற்ற ஊர். ஊசி செய்து வந்த ஒரு கம்பெனி பிறகு சைக்கிள் செய்யத் தொடங்கியது. என்பீல்டு என்ற இடத்தில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகளும் செய்து கொடுத்தது. அதனால் 1893-ல் தன் சைக்கிளுக்கு "ராயல் என்பீல்டு" என்று பெயர் வைத்தது. "துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது" என்பதே அதன் விளம்பர வாசகம். 1901-ல் மோட்டார் சைக்கிளும் செய்தது.

1955-ல் ரெட்டிச் கம்பெனியும் "மெட்ராஸ் மோட்டார்ஸ்" நிறுவனமும் சேர்ந்து "என்பீல்டு இந்தியா" கம்பெனியை ஆரம்பித்தன. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. இந்திய ராணுவத்துக்காக 350 சி.சி. புல்லட் வண்டிகள் அங்கே தயாராயின.

ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவில்லை! 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று. பிறந்த வீட்டுக்குப் பேரப்பிள்ளை போனது போல!

துப்பாக்கி பார்ப்பவர் என்ன செய்வார்?

பழைய துப்பாக்கியை விலை மதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கி அவர் கைக்கு வந்தால் என்ன செய்வார்? முதலில் உள்ளே குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொள்வார். பிறகு நான்கு காரியங்கள் செய்வார்.

குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பார். துருப் பள்ளம் தெரிகிறதா? துப்பாக்கியை மூடிப் பிடித்து அசைப்பார். கீல் ஆடுகிறதா? குழலைத் தனியே தொங்கவிட்டுத் தட்டுவார். மணி போல் ஒலித்தால் நல்லது. அடைத்த குரலில் ஒலித்தால், இரண்டு குழலையும் சேர்த்த பற்றுவைப்பு விட்டிருக்கலாம். கடைசியாக, ஒவ்வோர் உறுப்பிலும் உள்ள நம்பர் ஒன்றுதானா என்று பார்ப்பார்.

வெளிப் பளபளப்பை அவர் நம்புவதே இல்லை. மெருகு அதிகமானால் சித்திர வேலை மழுங்கியிருக்கும். எதையோ மறைக்கத்தான் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவார்.

துப்பாக்கி வாங்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு வேண்டும். அது எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் அந்தப் பார்வை எல்லோருக்கும் பயன்படும். அதே கண்ணோடு பழைய புல்லட்டைப் பார்க்கலாம்.

எஞ்சின் சூடா, குளிர்ச்சியா?

வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டு போக வேண்டும். சூடாக இருக்கிறதா? விற்பவர் முன்னதாகவே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சினை உதைத்துக் கிளப்புவதில்தான் உண்மை தெரியும். ஆறட்டும் என்று காத்திருப்பதே நல்லது.

பிறகு சாவியைத் திருப்பாமல் கிக்கர் மேல் மெல்லக் காலை ஊன்ற வேண்டும். நல்ல எஞ்சின் உடனே இறங்காது. ஆள் பாரத்தைச் சற்று நேரம் தாங்கி நிற்கும். தடையே இல்லாமல் கிக்கர் தொப்பென்று இறங்கினால், உள்ளே பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கிறது.

புகையையும் பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற பழைய புல்லட்டில் ஆயில் உள்ளே இறங்கிவிடும். அதனால் கிளப்பியதும் சிறிது புகை வரலாம். அது பெரிய குற்றம் அல்ல. எஞ்சின் சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அதற்குச் செலவு உண்டு.

கடல் காற்று என்ன செய்யும்?

காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே சாலை போகிறது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பெயிண்டு அதை மூடி மறைக்கும்.

அதற்கு ஒரு சிறு காந்தம் போதும். பெயிண்டில் கீறல் விழாமல் காகிதத்தில் சுற்றி, மட்கார்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்த இடத்தில் ஒட்டாது.

மட்கார்டின் கீழ்ப்புறம், சைலன்சரின் அடிப்பாகம், சக்கரக் கம்பிகள் ஆகியவற்றைக் குனிந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் டாங்கிக்குள் டார்ச் விளக்கு அடித்துப் பார்க்கலாம். அந்த நேரத்தில் பீடி, தீக்குச்சி பக்கத்தில் கூடாது!

ஆட்டம் இருக்கிறதா?

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, போர்க்கை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். "டக் டக்" என்றால் தேய்மானம்.

பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கோணினால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. சேசிஸ் வளைந்த வண்டி உயிருக்கு ஆபத்து.

இன்னொரு விஷயம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிறகு வந்த வண்டிகளில் இது மாறிவிட்டது. பழக்கம் இல்லாதவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிடுவார். பழகிய பிறகே போக்குவரத்துள்ள சாலைக்கு வர வேண்டும்.

நம்பர்தான் உயிர்

எஞ்சினில் ஒரு நம்பர் உண்டு. சேசிஸில் ஒரு நம்பர் உண்டு. இரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் நிறுத்திவிட வேண்டும். நம்பர் உள்ள இடத்தில் அரம் போட்ட கீறல் இருக்கிறதா? திருட்டு வண்டியாக இருக்கலாம். போலீசார் வண்டியைக் கைப்பற்றினால், கொடுத்த பணம் திரும்புவது அரிது.

பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தேதி தாண்டிவிட்டதா, கடன் பாக்கி ஏதும் ஆர்.சி.யில் குறித்திருக்கிறதா, இன்சூரன்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

விலை போடுவது எப்படி?

கணக்கு எளிது. விற்பவர் 80,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்க்க 15,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். அதைக் கழித்து 65,000 ரூபாயில் இருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். கம்பெனி உறுப்புகள் மாறாமல் இருந்தால் விலை சற்றுக் கூடலாம். புதுப் பெயிண்டுக்காக மட்டும் ஒரு ரூபாயும் கூட்ட வேண்டாம்.

ராயபுரத்துத் தாய், தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போகிறாள்.

"பாக்க நல்லாத்தானே இருக்கு, அண்ணே?" என்று கேட்கிறாள்.

மெக்கானிக் சேசிஸைத் துணியால் துடைத்துக் காட்டுகிறார். நம்பரின் கடைசி எழுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் போகவில்லை. "பெயிண்டு போன வாரம் அடிச்சதும்மா. இந்த வண்டி வேணாம்" என்கிறார்.

மகன் முகம் வாடுகிறது. ஆனால் அடுத்த மாதம் வேறொரு வண்டி வருகிறது. பெயிண்டு மங்கியது. டாங்கியில் ஒரு நெளிவு. நம்பர் சரி, எஞ்சின் சரி. அந்த வண்டியில்தான் மகன் நள்ளிரவு ஷிப்டு முடிந்து பத்திரமாக வீடு வந்து சேருகிறான். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகே தாய் கண் மூடுகிறாள்.