இல்லக் கணினியின் பழுதறிதலும் புதுக்குதலும்

கணினி என்பது பல உறுப்புகள் கூடி ஒரு தொழில் இயற்றும் பொறியாகும். முறைவழியாக்கி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி, இவற்றை இணைத்துத் தாங்கும் தாய்ப்பலகை என அதன் உறுப்புகள் வெவ்வேறாகக் கழற்றவும் பூட்டவும் கூடியன. இவ்வியல்பினாலேயே பழுதுற்ற கணினி முழுவதையும் எறியாது, பழுதுற்ற உறுப்பை மாத்திரம் மாற்றுதல் இயலும். பழையதாகிவிட்ட கணினியை ஓருறுப்பு மாற்றிப் புதுக்குதலும் இயலும். எனினும், எவ்வுறுப்பை மாற்றுவது என்னும் வினாவுக்கு விடை காணாமலே கடைக்குச் செல்வோர் பலர். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில திங்களுள் 360 ரூபாவை எட்டிய காலந்தொட்டு, இறக்குமதிப் பொருளாகிய கணினியுறுப்பொன்றைத் தவறாக வாங்குதல் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று. வாங்குமுன் பழுதின் இருப்பிடத்தை அறிவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

யான் பொறியியல் கற்றவனல்லன், கலைப்பட்டதாரி. இவ்வாராய்ச்சியிற் புகுந்தமைக்கு என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றே காரணம். 2021 ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்டு, மாணாக்கர் இணையவழியே பாடங் கேட்ட காலத்தில், 2013 இல் யான் வாங்கிய கணினி காலைதோறும் இணையத்தளங்களைத் திறக்க மறுத்தது. தொடர்பு பாதுகாப்பானதன்று என்னும் எச்சரிக்கையே திரையில் தோன்றிற்று. இணைய இணைப்பே பழுதென எண்ணி அதனை வழங்குவோரை அழைத்தேன். குறை அவர்பால் இல்லை. பின்னர்த் திருத்துநர் ஒருவரிடங் கொண்டுசென்றேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தாய்ப்பலகை பழுதென்றும் புதிய கணினி வாங்குதலே நன்றென்றும் கூறினார். விலையை விசாரித்து மனஞ் சோர்ந்து வீடு திரும்பிய மாலையில் என் மகள், "அப்பா, காலமையில திகதி பிழையா நிக்குது, பாத்தனீங்களோ?" என்றாள். மறுநாட் காலை பார்த்தேன். கணினி 2012 சனவரி முதலாந் திகதியைக் காட்டி நின்றது.

தாய்ப்பலகையில் நாணயம்போன்ற சிறு மின்கலம் ஒன்றுண்டு. சீ.ஆர். 2032 எனப்படும் அஃது 3 வோற்று அழுத்தமுடையது. மின்சாரம் முற்றாக நிறுத்தப்பட்டிருக்கும்போது கணினியின் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுவே. யாம் இரவுதோறும் சுவராளியை நிறுத்திவிட்டுப் படுப்பது வழக்கம். மின்கலமோ எட்டாண்டுகளில் வலுவிழந்துவிட்டது. ஆதலின் கடிகாரம் இரவில் நின்று, காலையில் தன் தொடக்கத் திகதிக்கு மீண்டது. பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் தான் இன்னதென மெய்ப்பிக்கும் சான்றிதழ் ஒன்றைக் காட்டுகின்றது. அச்சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உள. 2012 இல் வாழும் கணினிக்கு 2021 இல் வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறவாத ஒன்று. அதனை ஏற்க மறுத்தது கணினியின் குற்றமன்று. ஒரு சோற்றுப் பொதியின் விலையினுங் குறைந்த விலைக்கு மின்கலம் வாங்கி மாற்றினேன். அக்கணினி இன்றும் என் மேசைமேல் உளது.

புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்தல் தருக்கநூலார் காட்டும் உதாரணம். கணினியிலோ புகை ஒன்றாகவும் அதற்குக் காரணமாகத்தக்கன பலவாகவும் இருத்தலின், அனுமானம் மாத்திரம் போதாது. ஒன்று உள்ளவிடத்து மற்றொன்று உளதாதலும், அஃது இல்லாதவிடத்து இஃது இலதாதலும் ஆகிய அன்வய வெதிரேகங்கள் இரண்டையுங் காணல் வேண்டும். ஐயத்துக்குரிய உறுப்பை நீக்கி நல்ல உறுப்பொன்றை இட்டவிடத்துப் பழுது நீங்குமாயின், பலர் அவ்வளவில் நிறைவுற்று விடுவர். அது பாதிச் சோதனையே. பழைய உறுப்பை மீண்டும் இட்டுப் பழுது மீளத் தோன்றுகின்றதா எனவும் பார்த்தல் வேண்டும். நினைவகத் தகட்டைக் கழற்றிப் பூட்டியமையாலேயே அதன் தொடுமுனைகளிற் படிந்த அழுக்கு உராய்ந்து நீங்கப் பழுது தீர்வதுண்டு. புதிய தகடு வாங்கியவர், தாம் வாங்கியமையாலேயே தீர்ந்தது என எண்ணிக்கொள்வார். ஒருமுறைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றுக என்பதும் இதனாற் பெறப்படும். இரண்டை ஒருங்கே மாற்றினார்க்குக் கணினி திருந்தினும், எது பழுதென்னும் அறிவு கிட்டுவதில்லை.

முற்றிலும் இயங்காத கணினியைச் சோதிக்குங்காற் புறத்தேயிருந்து தொடங்குதல் முறை. சுவர்க்குதை, மின்வடம், மின்வழங்கியின் பின்புறத்து ஆளி, திரைக்குச் செல்லும் வடம் ஆகியவற்றை முதலிற் பார்க்க. அச்சுப்பொறி முதலிய புறக்கருவிகளை அகற்றுக. விசிறி சுழன்றும் திரையில் ஒன்றுந் தோன்றாவிடின் நினைவகத்தை ஐயுறலாம். மின்வடத்தைப் பிடுங்கி, உறையின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். எமது உடல் உணராத சிறு நிலைமின் பொறியும் நுண்சுற்றுகளைக் கெடுக்க வல்லது. நினைவகத் தகட்டின் தொடுமுனைகளை மெல்லிய அழிறப்பராற் துடைத்து, இருபக்கப் பிடிகளும் ஒலியெழப் பொருந்தும் வண்ணம் அழுத்துக. கடற்கரையை அண்டி வாழ்வோர் உப்புக் காற்றினால் இத்தொல்லையை அடிக்கடி காண்பர். தகடுகள் இரண்டாயின் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க. சிற்றொலிபெருக்கி பூட்டப்பட்ட கணினியாயின், தகடு ஒன்றுமின்றி அதனை இயக்கும்போது முறையீடுபோல 'பீப்' ஒலி எழும். அவ்வொலி நற்செய்தி: முறைவழியாக்கியும் தாய்ப்பலகையும் உயிரோடுள்ளன என்பது அதனாற் றெளிவாகும்.

விசிறியுஞ் சுழலாவிடின் மின்வழங்கியை நோக்குக. அது 12, 5, 3.3 வோற்று அழுத்தங்களை வழங்குவது. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது. 12 வோற்று இருக்கவேண்டியவிடத்து 11.4 க்குக் குறைவாகக் காணின் அதனை மாற்றல் வேண்டும். பௌதிக ஆய்வுகூடத்துப் பன்மானி இதற்குப் போதும். ஆயின் மின்வழங்கியின் பெட்டியை எக்காரணங் கொண்டும் திறவற்க. எமது 230 வோற்று ஆடலோட்டம் அதனுள் நேரோட்டமாக்கப்படுமிடத்து 325 வோற்றுவரை எழும். மின்வடத்தைப் பிடுங்கிய பின்னரும் கொள்ளளவிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். இயங்கிக்கொண்டிருக்கையில் வெப்பமேறித் தானே நின்றுவிடுங் கணினிக்குப் பெரும்பாலும் வேண்டுவது தூசி தட்டுதலே.

இனி, இயங்கியும் மெல்ல நகருங் கணினியைப் பற்றிக் கூறுவாம். மிகப் பலர் பணத்தை இழப்பது இங்கேயே. கடையில் முதலிற் சொல்லப்படும் மருந்து 'றாம் கூட்டுங்கோ' என்பது. அது சிலவேளை உண்மை, பலவேளை அன்று. விண்டோசிற் கொன்ற்றோல், சிவ்ற், எஸ்கேப் ஆகிய மூன்று சாவிகளையும் ஒருங்கழுத்தினாற் பணி மேலாளர் என்னும் பட்டியல் தோன்றும். முறைவழியாக்கி, நினைவகம், தட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு ஈடுபட்டுள்ளது என்பதை அது காட்டும். கணினி இழுபறிப்படும் வேளையில் இதனைப் பார்த்தல் வேண்டும். தட்டு நூறாகவும் ஏனையவை குறைவாகவும் இருப்பின் நோய் வன்தட்டில் என்க.

அதற்குக் காரணம் எளிய கணக்கில் விளங்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு செக்கனுக்கு 120 முறை சுழல்கின்றது. ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன். வேண்டிய இடம் வாசிப்பு முனையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச்சுழற்சி காத்திருத்தல் வேண்டும். முனை உரிய தடத்துக்கு நகர மேலும் 9 மில்லிசெக்கன் அளவிற் செல்லும். ஆகவே சிதறிக் கிடக்குந் துண்டொன்றை எடுக்க ஏறத்தாழ 13 மில்லிசெக்கன். செக்கனுக்கு எழுபத்தைந்து துண்டுகளே கிட்டும். பணிசெயல் முறைமை எழும்பும்போது ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேடுகின்றது. கடைகளில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்திற் சுழலும் பகுதி யாதுமில்லை. அது செக்கனுக்குப் பல்லாயிரந் துண்டுகளைத் தரும். பத்தாண்டுப் பழமையான கணினியும் இம்மாற்றத்தினாற் புத்துயிர் பெறுவதை யான் கண்டுள்ளேன். பழைய கணினிக்குச் சாற்றா இணைப்புடைய 2.5 அங்குல வகையே பொருந்தும். எம்.2 வடிவில் வரும் விரைவான வகைகளை அதற்கென வாங்குதல் வீண். வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதே பெருந்தாவல். அதன்மேல் வரும் விரைவுகளை வீட்டு வேலையில் உணர்தல் அரிது.

ஈண்டு ஒரு மயக்கத்துக்கு இடமுண்டு. நினைவகம் நிரம்பியவிடத்துப் பணிசெயல் முறைமை அதன் ஒரு பகுதியை வன்தட்டில் இறக்கி ஏற்றத் தொடங்கும். அப்போதும் தட்டு நூறென்றே காட்டும். நோய் ஓரிடம், வலி ஓரிடம். ஆதலின் நினைவகத்தின் எண்ணையும் உடன் நோக்குக. அது தொண்ணூற்றைக் கடந்து நிற்பின் 4 கிகாபைற்றை 8 ஆக்குதல் தகும். நினைவக வகை பொருந்தல் வேண்டும்: டி.டி.ஆர்.3 தகட்டுக்கு 240 தொடுமுனைகள், டி.டி.ஆர்.4 க்கு 288. வெட்டும் வேறிடத்தில் அமைந்துள்ளமையின் ஒன்றின் வாயில் மற்றொன்று நுழையாது. 32 துணுக்கு விண்டோஸ் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தை வீட்டுக் கணினியிற் பயன்படுத்தாது என்பதையும் அறிந்து வாங்குக.

வன்தட்டிலிருந்து டிக் டிக் என ஒலி எழுந்தாலும், கோப்புகள் திறக்க மறுத்தாலும் சோதனையைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் கோப்புகளைப் படியெடுக்க. என் நண்பராகிய ஆசிரியரொருவர், சாகுந் தறுவாயிலிருந்த தட்டை இரவு முழுவதுஞ் சோதனை மென்பொருளால் துருவினார். விடியுமுன் தட்டு அடங்கிற்று. பன்னீராண்டுக் காலப் பாடக்குறிப்புகளும், இறந்துபோன தந்தையாரின் புகைப்படங்களும் அதனுடன் சென்றன. உறுப்புகள் யாவும் விலைக்குக் கிட்டும், அவை கிட்டா.

முறைவழியாக்கியை மாற்றிப் புதுக்குதலை யான் பரிந்துரையேன். புதியது பழைய தாய்ப்பலகையிற் பொருந்தாது. பலகையை மாற்றின் நினைவகமும் மாறும். ஈற்றில் உறையே எஞ்சும். விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிவுற்றமையாற் பலர் கலங்கியுள்ளனர். விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும், இன்டெலாயின் பொதுவாக எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய முறைவழியாக்கியையும் வேண்டுகின்றது. நினைவகங் கூட்டுவதால் இத்தகுதி வந்துவிடாது. வருமென்று சொல்லி விற்பாரை நம்பற்க. எழுதவும் வாசிக்கவும் இணையப் பாடங் கேட்கவும் மாத்திரம் பயன்படுங் கணினியாயின், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ற் போன்ற முறைமையை அதில் நிறுவலாம். பாமினி எழுத்துருவிற் பழகியவர்க்கு முதல் வாரம் சிறிது இடர்ப்பாடாயிருக்கும்.

கழற்றிய வன்தட்டு நலமாக இருப்பின், அதனை வெளியுறை ஒன்றில் இட்டு யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்துக் காப்புநகல் வைக்கப் பயன்படுத்தலாம். பிறருக்குக் கொடுப்பதாயின், கோப்புகளை அழித்தல் மாத்திரம் போதாது. தட்டு முழுவதையும் மேலெழுதி வெறுமையாக்கிய பின்னரே கொடுத்தல் வேண்டும். ஐந்நூறு கிகாபைற்றுத் தட்டுக்கு அது சில மணி நேரம் எடுக்கும்; இரவிலே தொடங்கிவிட்டு உறங்கலாம், சுவராளியை மட்டும் நிறுத்தாதிருப்பின்.