சாட் ஏரி வற்றியதால்தான் போகோ ஹராம் வளர்ந்ததா?

'90 சதவீதம் காணாமல் போன ஏரி' என்று இரண்டு செயற்கைக்கோள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பதிவு உங்கள் டைம்லைனிலும் வந்திருக்கலாம். கூடவே ஒரு விளக்கம்: தண்ணீர் போச்சு, வேலை போச்சு, இளைஞர்கள் துப்பாக்கி தூக்கிட்டாங்க.

கேட்க சரியாத்தான் இருக்கு. ஆனா கணக்கு இடிக்குது.

நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் ஆகிய நான்கு நாடுகளுக்கும் பொதுவான இந்த ஏரி, 1960-களில் சுமார் 25,000 சதுர கி.மீ. பரப்பில் இருந்தது. சஹேல் பகுதியைத் தாக்கிய கடும் வறட்சியில், 1980-களின் நடுவில் பத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சவில்லை. பிறகு மழை ஓரளவு திரும்பியது. ஏரியும் ஓரளவு மீண்டது. 'ஏரி இப்போது சுருங்கிக்கொண்டு இல்லை' என்கிறது அடெல்ஃபி ஆய்வு நிறுவனத்தின் 2019 அறிக்கை. போகோ ஹராமின் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது 2009-ல்.

அப்போ காலநிலைக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கு. மழை எப்போ, எவ்வளவு பெய்யும் என்று கணிக்க முடியவில்லை. ஆனால் அங்குள்ளவர்களுக்கு இது புதுசில்லை. தண்ணீர் ஏறினால் மீன்பிடிப்பு, இறங்கினால் அந்த ஈர மண்ணில் விவசாயம், மாட்டுக்கு மேய்ச்சல். கரை நகர நகர மக்களும் நகர்வார்கள்.

அந்த நடமாட்டத்தைத்தான் போர் முடக்கியது. 2015-ல் நைஜரின் டிஃபா பகுதியில் அவசரநிலை வந்தது. தீவிரவாதிகளுக்குப் பணம் போகக் கூடாது என்று மோட்டார் சைக்கிளுக்கும், மீன், மிளகாய் வியாபாரத்துக்கும் தடை. டிஃபாவில் மிளகாய்க்கு 'சிவப்புத் தங்கம்' என்றே பேர். ஊரே அதை நம்பி இருந்தது. மறுபக்கம், போகோ ஹராமிலிருந்து பிரிந்த ஐ.எஸ். ஆதரவுக் குழு மீனவர்களிடம் வரி வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க விட்டது. அரசு தடுக்கிறது, ஆயுதக் குழு அனுமதிக்கிறது. வயிற்றுப் பிழைப்புக்கு மக்கள் யாரிடம் போவார்கள்?

ஏரியை நிர்வகிக்க நான்கு நாடுகளும் சேர்ந்து 1964-லேயே ஆணையம் அமைத்துவிட்டன. ஆனால் 2018-ல் அபுஜாவில் நடந்த சர்வதேச மாநாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது, காங்கோ படுகையிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவரும் 'டிரான்ஸ்அக்வா' திட்டம். பல நூறு கோடி டாலர் சமாச்சாரம். 'ஏரி வற்றுகிறது' என்ற கதை நிற்கும்வரை இந்தத் திட்டத்துக்கும் ஆயுசு உண்டு. கரையோர மீனவருக்கோ, ஏரிக்குப் போய்வர வழி திறந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.