பழைய வண்டிக்கு ஏற்ற வானொலி



நம் நாட்டுத் தெருக்களிலே அரை நூற்றாண்டுக்கு முன்னர் வந்திறங்கிய மோட்டார் வண்டிகள் சில இன்றும் ஓடுகின்றன. யாழ்ப்பாணத்திலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் இன்னும் கண்ணிற்படுகின்றன. 1980களிலும் 1990களிலும் யப்பானிலிருந்து வந்த கார்களும் வான்களும் நாடெங்கும் உழைக்கின்றன. இவற்றின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கைதேர்ந்தவர்கள் ஊர்தோறும் உளர். ஆனால், வண்டியிலுள்ள வானொலி பழுதுபட்டால் அதற்குப் பதிலாக எதனை வாங்குவது என்ற வினாவுக்குத் தெளிவாக விடை கூறுவோர் சிலரே. கடைக்குச் சென்றால் ஒளிரும் திரைகள் கண்ணைக் கவர்கின்றன. வாங்குபவர் விலையைப் பார்க்கிறார், தோற்றத்தைப் பார்க்கிறார், பெட்டியைக் கையிலெடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

விலைக்கும் தோற்றத்துக்கும் முன்னர் பார்க்கவேண்டியது வண்டியையே. வானொலிக்காக வண்டியை வெட்டியும் குடைந்தும் மாற்றுவது முறையன்று. வண்டிக்கு இசைந்த வானொலியைத் தேடுவதே முறை. இவ்வுண்மையை நான் நட்டப்பட்டே கற்றேன்.

என் தந்தையாரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அதன் பொருட்தட்டின் கீழே பழைய வானொலி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. 1990ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. உலர் மின்கலங்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. பெற்றோல் இன்மையால் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்திலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்சாரத்தைக் கொண்டு பலர் செய்தி கேட்டனர். எங்கள் அயலவரோ மாமரத்தின் கீழ் நின்ற காரைச் சுற்றிக் கூடுவர். செய்தி முடிந்த கணமே தந்தையார் வானொலியை நிறுத்திவிடுவார். பற்றறியில் எஞ்சியிருந்த மின்சாரம் அத்துணை அருமையாயிருந்தது.

தந்தையார் மறைந்தபின் வண்டி என்னிடம் வந்தது, வானொலி ஊமையாகிவிட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கடையிலே புதிய வானொலி ஒன்றை வாங்கி, ஒரு கராஜிலே பொருத்தக் கொடுத்தேன். இணைத்ததும் உருகி எரிந்தது. வேலையாள் வேறோர் உருகியை இட்டார், அதுவும் எரிந்தது. மூன்றாம் முறை உருகிக்குப் பதிலாகச் செம்புக் கம்பி ஒன்றை முறுக்கிவிட்டார். சாவியைத் திருப்பியதும் பொருட்தட்டின் கீழிருந்து புகை எழுந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஓடிச்சென்று பற்றறியின் கம்பியைக் கழற்றியிராவிடில் வண்டியே எரிந்திருக்கும். வண்டி எத்தகையது என்று கடைக்காரர் கேட்கவில்லை. பற்றறியின் எந்த முனை உடலோடு இணைந்துள்ளது என்று வேலையாள் பார்க்கவில்லை. இவ்விரண்டும் கேட்கப்படவேண்டியவை என்பதை நானும் அறிந்திருக்கவில்லை.

ஆகவே முதலில் மின்சாரத்தைப் பற்றிக் கூறுவேன்.

கார்களின் உலோக உடலே மின்சுற்றின் ஒரு பாதியாகப் பயன்படுகிறது. பற்றறியின் ஒரு முனையை உடலோடு இணைத்துவிடுவர். இன்றைய வண்டிகளில் மறைமுனை உடலோடு இணைந்திருக்கும். ஆனால், 1960களின் பிற்பகுதி வரை செய்யப்பட்ட பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. மொறிஸ் மைனரும் அவ்வினத்ததே. இன்றைய வானொலிகள் பெரும்பாலும் மறைமுனை உடலோடு இணைந்த வண்டிகளுக்காகவே செய்யப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றோடு அப்படியே இணைத்தால் மின்சாரம் எதிர்த்திசையிற் பாயும். உருகி எரிவது அதனைத் தடுக்கவே. உருகி இரண்டு முறை எச்சரித்தது. நாங்கள் அதன் வாயை அடைத்தோம்.

இத்தகைய வண்டி உடையவர்களுக்கு இரண்டு வழிகள் உள. அனுபவமுள்ள மின்வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு வண்டியின் இணைப்பையே மாற்றலாம். பற்றறியின் முனைகளை மாற்றுவதோடு, டைனமோவின் காந்த முனைவையும் மாற்றவேண்டும். தீப்பொறிச் சுருளின் இணைப்புகளையும், அம்பியர்மானி இருப்பின் அதன் இணைப்புகளையும் மாற்றவேண்டும். பின்னாளிற் சேர்க்கப்பட்ட இலத்திரனியற் பொறிகள் ஏதும் உளவா என்பதையும் பார்த்தல் வேண்டும். இவ்வளவு வேலை வேண்டாம் என்போர், தனக்கெனப் பற்றறி உடைய சிறிய புளூடூத் ஒலிபெருக்கி ஒன்றை வண்டியில் வைத்துக் கைத்தொலைபேசியோடு இணைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு கம்பியும் தேவையில்லை. சிலவேளை வானொலியே வாங்காமல் விடுவதுதான் சிறந்த தெரிவு.

வோல்ற்றளவும் ஒன்றன்று. 1960களின் நடுப்பகுதிக்கு முன்னர் வந்த வொக்ஸ்வாகன் கார்கள் 6 வோல்ற்றில் இயங்கின. பாரவண்டிகளும் பேருந்துகளும் பல 24 வோல்ற்று உடையன. கடைகளில் விற்கும் கார் வானொலிகள் 12 வோல்ற்றுக்குரியவை. 24 வோல்ற்று வண்டியில் இரண்டு பற்றறிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுப்பது தவறு. ஒன்று மெலிந்து, மற்றது அளவுக்கு மேல் மின்னேற்றம் பெற்று, இரண்டும் கெடும். 24ஐ 12ஆகக் குறைக்கும் கருவியொன்றை இடையில் வைத்தலே முறை.

அடுத்தது அளவு. கார் வானொலி பிறந்தபோது அதற்கு நிலையான அளவென்று ஒன்றும் இருக்கவில்லை. 1930இல் அமெரிக்காவிலே மோட்டரோலா என்னும் பெயரில் கார் வானொலி விற்பனைக்கு வந்தது. அக்காலத்து வானொலிகள் வால்வுகளால் இயங்கின, பெரிதும் பாரமுமாயிருந்தன. 1955இல் கிறைஸ்லர் நிறுவனமும் பில்கோ நிறுவனமும் சேர்ந்து முற்றிலும் திரான்சிஸ்ரரால் இயங்கும் கார் வானொலியை வெளியிட்டன. அதன்பின் பெட்டி சிறுத்தது. யேர்மனி வகுத்த அளவு 1984இல் உலக நியமமாக ஏற்கப்பட்டது. அதன்படி வானொலி செல்லும் துளை 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் உடையது. இதனை 'ஒற்றை டின்' என்பர். உயரம் இருமடங்காயின் 'இரட்டை டின்'. ரொயோட்டா வண்டிகள் பலவற்றின் துளை 200 மில்லிமீற்றர் அகலமுடையது. அவற்றுக்கு இருபக்கமும் இடைவெளியை மூடும் சட்டம் வேண்டும்.

ஆழத்துக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஆதலால் பழைய வானொலியைக் கழற்றி, துளையின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்துகொண்டே கடைக்குச் செல்லுங்கள். இறுவட்டுப் பொறி இல்லாத வானொலிகள் ஆழம் குறைந்தவை; பழைய வண்டிகளின் நெருக்கமான இடத்துக்கு அவையே ஏற்றவை. நியமத்துக்கு முந்திய வண்டியாயின், முகப்புப் பலகையை அரம் கொண்டு அறுக்காதீர்கள். பலகையின் கீழே தாங்கியொன்றில் தொங்கவிடலாம். அறுத்த உலோகம் மீண்டும் வளராது.

மூன்றாவது, அலைவரிசை. யப்பானிய வண்டி உடையோர் இதனைக் கவனித்தல் வேண்டும். யப்பானிலே எப்.எம். ஒலிபரப்புக்கு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையிலான பகுதியே உரியதாயிருந்தது. பிற்காலத்தில் அது 95 வரை நீட்டப்பட்டது. நம் நாட்டு எப்.எம். நிலையங்களோ 87.5க்கும் 108க்கும் இடையில் ஒலிபரப்புகின்றன. ஆகையால் யப்பானிலிருந்து வண்டியோடு வந்த வானொலியில் நம் நிலையங்களிற் பெரும்பாலானவை கேட்பதில்லை. இதற்காக அலைவரிசையைக் கீழே இறக்கும் சிறு கருவியை ஏரியலுக்கும் வானொலிக்கும் இடையிற் பூட்டுவர். அது நிலையத்தைக் கேட்கச் செய்யும். ஆனால் திரையில் வேறோர் எண்ணைக் காட்டும். ஒலியின் தெளிவும் ஓரளவு குன்றும். 108 வரை ஏற்கும் புதிய வானொலியை வாங்கினால் அக்கருவியைக் கழற்றிவிடுங்கள். யப்பானிலிருந்து வந்த பழைய வானொலியையே மீண்டும் வாங்குவீராயின், பழைய தொல்லையையே மீண்டும் வாங்குகிறீர்.

அமெரிக்காவுக்கெனச் செய்த வானொலி 0.2 மெகாஹேட்ஸ் இடைவெளிகளில் தாவிச் செல்லும். நாட்டை அல்லது பிரதேசத்தைத் தெரிவுசெய்யும் வசதி இருந்தால் அதனை மாற்றிக்கொள்ளலாம். இல்லையேல் சில நிலையங்கள் சரியாக அகப்படா. ஏரியலையும் மறவாதீர்கள். எப்.எம். அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீற்றர். அதன் காற்பங்காகிய 75 சென்ரிமீற்றர்க் கம்பி நன்றாக ஏற்கும். துருப்பிடித்த ஏரியலை மாற்றாமல் விலையுயர்ந்த வானொலியை வாங்குவதாற் பயனில்லை.

நான்காவது, வலு. பெட்டியின் மீது '50 உவாற்று, 4 ஒலிபெருக்கிகள்' என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பள்ளிக்கூடக் கணிதத்தைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். ஓடும் வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. அதனை அதனாலேயே பெருக்கி, 4 ஓம் ஒலிபெருக்கிக்காக 8ஆற் பிரித்தால், ஏறத்தாழ 26 உவாற்று வரும். சாதாரணக் கார் வானொலி ஓர் ஒலிபெருக்கிக்குத் திரிபில்லாமல் தரக்கூடிய வலுவின் எல்லை அதுவே. நடைமுறையில் கிடைப்பது அதனினும் குறைவு. பெரிய எண்ணுக்காகக் கூடுதற் பணம் கொடுக்கவேண்டாம். 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்த எண்ணையே பாருங்கள். வண்டிக்குள் பேச்சையும் பாட்டையும் தெளிவாகக் கேட்க 15 உவாற்று தாராளம்.

பழைய வண்டிக்கு இதில் வேறொரு காரணமும் உண்டு. டைனமோ பூட்டிய வண்டிகள் ஏறத்தாழ 20 அம்பியர் மின்னோட்டமே தரவல்லன. இயந்திரம் மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. இரவு மழையில் முன்விளக்குகளும் துடைப்பானும் இயங்கும்போது வானொலிக்கு எஞ்சுவது சொற்பம். தனி விரியலாக்கிப் பெட்டிகளை இவ்வண்டிகளில் ஏற்றுவது தகாது.

பொருத்தும்போது கம்பிகளின் நிறத்தை அறிந்திருத்தல் நன்று. பெரும்பாலான வானொலிகளில் கறுப்பு உடலுக்கும், சிவப்பு சாவியோடு இயங்கும் மின்சாரத்துக்கும், மஞ்சள் எப்போதும் உள்ள மின்சாரத்துக்கும் உரியவை. மஞ்சட் கம்பி நிலையங்களை நினைவில் வைத்திருக்கச் சிறிதளவு மின்சாரத்தை இடையறாது எடுக்கும். வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியாயின், பற்றறியைத் துண்டிக்கும் ஆளி ஒன்று வைத்தல் நலம். பழைய வானொலிகள் பலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு கம்பி உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வானொலிகளில் அவ்வாறு இணைத்தால் விரியலாக்கி எரிந்துபோகும். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் இரண்டு கம்பிகள் தனித்தனியே செல்லவேண்டும். வேலை தொடங்குமுன் பற்றறியின் இணைப்பைக் கழற்றுக; உருகியின் அளவை ஒருபோதும் கூட்டாதீர்.

இறுதியாக, எளிமை. திருகும் குமிழ் உடைய வானொலியைக் கை தானே தேடிக்கொள்ளும். திரையைத் தொட்டு இயக்கும் வானொலியைக் கண் தேடவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி இரண்டு விநாடியில் 33 மீற்றர் கடக்கிறது. அத்தூரத்துக்குள் ஒரு பள்ளிக்கூட வாயில் இருக்கலாம். அதிபர் என்ற முறையில் காலையும் மாலையும் வாயிலில் நிற்பவன் நான்; இதனை விளையாட்டாகக் கூறவில்லை. எப்.எம்., ஒரு யூ.எஸ்.பி. துளை, கைத்தொலைபேசியை இணைக்கப் புளூடூத், பெரிய குமிழ் ஒன்று. இவை போதும்.

என் வண்டியின் கதையைக் கூறி முடிக்கிறேன். வயது முதிர்ந்த மின்வேலைக்காரர் ஒருவர் இணைப்புகளை முறைப்படி மாற்றித் தந்தார். இறுவட்டுப் பொறியற்ற சிறிய வானொலி ஒன்றை மரப்பெட்டியில் அமைத்து, முகப்பிலுள்ள கையுறைப் பேழைக்குள் வைத்தோம், ஓரிடத்திலும் அறுக்கவில்லை. தந்தையாரின் பழைய வானொலி, பேசாவிட்டாலும், பொருட்தட்டின் கீழே தன் இடத்திலேயே இருக்கிறது. மாலையில் வீடு திரும்பும்போது செய்தி கேட்கிறேன். இப்போது பற்றறிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் செய்தி முடிந்ததும் என் கை தானாகவே குமிழைத் திருப்பி நிறுத்திவிடுகிறது.