தேயிலையில் தியானின்: வேதிப் பண்புகளும் உயிரியல் விளைவுகளும்

முன்னுரை

தேநீர் தரும் புத்துணர்வுக்குக் காஃபீனே காரணம் என்பது பரவலான கருத்து. ஆயினும், தேநீர் அருந்துவோர் குறிப்பிடும் அமைதி கலந்த விழிப்புநிலையை விளக்கக் காஃபீனுடன் சேர்த்து மற்றொரு சேர்மமும் சுட்டப்படுகிறது. அதுவே தியானின் என்னும் அமினோ அமிலமாகும். 1949 ஆம் ஆண்டில் யாஜிரோ சகாதோ என்னும் ஜப்பானிய ஆய்வாளர், நிழலில் வளர்க்கப்படும் கியோகுரோ என்ற பசுந்தேயிலையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். இன்று இது மன அமைதிக்குரிய மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. இதன் பண்புகளையும், இதன்மீது ஏற்றப்படும் பயன்களின் சான்று வலிமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வேதியியல் அமைப்பு

தியானின், குளுட்டமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலியில் எத்திலமின் இணைவதால் உருவாகும் சேர்மமாகும். இதன் மூலக்கூறில் 7 கார்பன், 14 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு எடை ஏறத்தாழ 174. இது புரதங்களின் ஆக்கத்தில் பங்கேற்பதில்லை. இயற்கையில் பெரும்பாலும் எல்-வடிவிலேயே கிடைக்கிறது. நீரில் எளிதில் கரைகிறது. 19 ஆம் நூற்றாண்டில் தேயிலையின் காஃபீனுக்கு வழங்கிய ‘தெயின்’ என்ற பெயரோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

தாவரத்தில் உருவாக்கமும் சிதைவும்

தேயிலையின் உலர் எடையில் தியானின் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை அமைகிறது. தனித்த அமினோ அமிலங்களுள் ஏறக்குறைய பாதி இதுவே. அலனினிலிருந்து தோன்றும் எத்திலமினும் குளுட்டமிக் அமிலமும் வேர்ப்பகுதியில் நொதியின் துணையால் இணைந்து தியானினாகின்றன. பின்னர் அது சைலம் வழியே தளிர்களை அடைகிறது. இலையில் ஒளி மிகும்போது தியானின் மீண்டும் சிதைகிறது. விடுபடும் எத்திலமின் கேட்டெச்சின் உருவாக்கத்திற்குப் பயன்படுகிறது. கேட்டெச்சின்கள் துவர்ப்பைத் தருவன. தியானின் உமாமி சுவையைத் தருவது. பறிப்பதற்கு முன் செடிகளை நிழலிட்டு மூடும் ஜப்பானிய வழக்கம் இச்சிதைவைக் குறைக்கிறது. கியோகுரோ, மாட்சா ஆகியவற்றின் சுவைக்கு இதுவே அடிப்படை.

உடலில் செயற்பாடு

உட்கொண்ட தியானின் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ஒரு மணி நேரத்திற்குள் குருதியில் உச்ச அளவை எட்டுகிறது. லியூசின் போன்ற அமினோ அமிலங்களைக் கடத்தும் அமைப்பின் வழியே குருதி–மூளைத் தடையையும் கடக்கிறது. சிறுநீரகத்தில் குளுட்டமிக் அமிலமாகவும் எத்திலமினாகவும் பிரிக்கப்படுகிறது.

குளுட்டமிக் அமிலத்தை ஒத்த வடிவுடையதாதலால், தியானின் அதன் நரம்பு ஏற்பிகளோடு பிணைகிறது. எனினும் இப்பிணைப்பு பன்மடங்கு வலுக்குறைந்தது. ஆகவே, இதன் விளைவுகளை ஏற்பித் தடுப்பால் மட்டும் விளக்குவது போதுமானதன்று. மனிதரிடம் நிகழ்த்தப்பட்ட மூளை மின்னலை ஆய்வுகளில், தளர்ந்த விழிப்புநிலைக்குரிய ஆல்ஃபா அலைகள் மிகுந்தமை பதிவாகியுள்ளது. 100 மில்லிகிராம் தியானினும் 50 மில்லிகிராம் காஃபீனும் இணைந்த நிலையில் கவனத்திறன் மேம்பட்டதாகவும் ஆய்வு முடிவு உண்டு.

அளவும் சான்றும்

இங்கு அளவு பற்றிய வினா முதன்மை பெறுகிறது. மன இறுக்கம் தொடர்பான ஆய்வுகளில் பெரிதும் வழங்கப்பட்டது 200 மில்லிகிராம் தூய தியானின். ஆனால், 2011 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அளவீட்டின்படி, 200 மில்லிலிட்டர் கோப்பையில் கறுப்புத் தேநீர் சராசரியாக 24 மில்லிகிராமும், பசுந்தேநீர் 8 மில்லிகிராமும் தியானின் கொண்டிருந்தன. இவ்வளவீட்டின்படி, ஆய்வில் வழங்கிய அளவை எட்ட எட்டுக் கோப்பைக்கு மேற்பட்ட கறுப்புத் தேநீர் தேவை. அத்துடன் காஃபீனும் பெருமளவில் உடலிற் சேரும். எனவே, மாத்திரையால் பெற்ற முடிவைத் தேநீருக்கு நேரடியாகப் பொருத்துவது முறையன்று.

மாத்திரைக்குரிய சான்றும் இன்னும் முழுமை பெறவில்லை. பல ஆய்வுகளில் பங்கேற்றோர் சிலரே. கால அளவும் குறுகியது. அறிதிறன், மன இறுக்கம், உறக்கம் ஆகியவற்றில் தியானினின் பயனுக்குக் காரண–விளைவு உறவு நிறுவப்படவில்லை என 2011 ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவுரைத்தது.

முடிவுரை

தியானின் தேயிலையின் சுவைக்கு இன்றியமையாதது; மூளையை அடையவல்லது; காஃபீனோடு இணைந்து கவனத்தைப் பாதிக்கக்கூடியது. இவை ஆய்வுச் சான்றுடையன. நாள்தோறும் அருந்தும் தேநீரே மன இறுக்கத்திற்கு மருந்தாகும் என்பதோ இவற்றிலிருந்து பெறப்படாத முடிவு. வழக்கமான தேநீர் அளவைக் கொண்டு, நீண்ட காலம் நிகழ்த்தப்படும் ஆய்வுகளே இவ்விடைவெளியை நிரப்பும்.