சிப்பிப்பாறை கிராஸ் குட்டி வாங்கலாமா?

திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் பக்கம் "சிப்பி கிராஸ் குட்டி இருக்கு, வேணுமா?" என்று யாராவது கேட்டால், பின்னால் இருக்கும் கதையை ஓரளவு ஊகித்துவிடலாம். சவுக்குத் தோப்புக்கோ பண்ணை வீட்டுக்கோ காவலாகத் தெற்கிலிருந்து கொண்டுவந்த சிப்பிப்பாறைப் பெட்டையோ கன்னி இனப் பெட்டையோ பருவத்துக்கு வந்த நேரத்தில் வேலி தாண்டியிருக்கும். அப்பன் யாரென்று கேட்டால் தெருவைக் காட்டுவார்கள். விலை குறைவு, சில சமயம் இலவசம். குட்டியும் நீண்ட கால்களோடு பார்க்கப் பாந்தமாக இருக்கும். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று தூக்கிவந்துவிடுகிறோம். எட்டு மாதம் கழித்து அது பக்கத்து வீட்டுக் கோழியைக் கவ்விவந்து வாசலில் போடும்போதுதான் என்ன வாங்கினோம் என்று உறைக்கிறது.

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரின் பெயரைத் தாங்கிய இந்த நாயும் அதன் நெருங்கிய உறவான கன்னியும் கண்ணால் வேட்டையாடும் வகை. மோப்பம் பிடித்துப் பொறுமையாகப் பின்தொடர்வதை விட, இரையைப் பார்த்த மாத்திரத்தில் துரத்துவதுதான் இவற்றின் வழி. உடம்பே அதற்காக அமைந்தது: ஆழமான மார்புக்கூடு, உள்ளிழுத்த வயிறு, வில்லாக வளையும் முதுகு. முழு வேகத்தில் ஓடும்போது இந்த வகை நாய்களின் நான்கு கால்களும் ஒரே பாய்ச்சலில் இரண்டு முறை தரையை விட்டு எழும்பும். உடல் சுருங்கும்போது ஒரு முறை, நீளும்போது ஒரு முறை. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும்போது ஒரு முறைதான் அப்படி எழும்புகிறது. இந்த வேகத்தை வெகுநேரம் தாங்க முடியாது. சிறிது தூரம் புயலாக ஓடிவிட்டு நாள் முழுக்கத் திண்ணையில் படுத்துக் கிடக்கும். "ரொம்ப துறுதுறுப்பு" என்று பயப்படுகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல்: ஓட இடம் கிடைத்துவிட்டால் வீட்டுக்குள் இதைப் போல அமைதியான நாய் குறைவு.

துரத்துவதைக் கோபம் என்று நினைக்கக் கூடாது. பார்ப்பது, உற்று நோக்குவது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று ஓநாயிடம் இருந்த வேட்டைச் சங்கிலியில் சில கண்ணிகளை மனிதன் தளர்த்தினான், சிலவற்றை இறுக்கினான். ஆடு மேய்க்கும் நாயிடம் உற்று நோக்குவதும் பதுங்குவதும் மிஞ்சின, கவ்வுவது தளர்ந்தது. வேட்டை நாயிடம் துரத்துவதும் கவ்வுவதும் அப்படியே நின்றன. ஆகவே பிள்ளைகள் மடியில் தலை வைத்துத் தூங்கும் அதே நாய், ஓடும் பூனையைப் பார்த்ததும் நீங்கள் கூப்பிடுவதைக் காதில் வாங்காது. அதைப் போட்டு அடிப்பதில் பயனில்லை.

கலப்புக் குட்டியில் இதெல்லாம் எவ்வளவு வரும்? தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்றாலும் எந்தப் பாதி என்பது குட்டிக்குக் குட்டி மாறும். போதாக்குறைக்கு, ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் இருக்கவும் வாய்ப்புண்டு. நாயின் சினைப்பருவத்தில் அது நடக்கக்கூடியதே. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை அலசியது. நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் இனத்தை வைத்து விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். கலப்பு நாய்களும் அதில் ஏராளம். எனவே "சிப்பி ரத்தம் முக்கால்வாசி" என்று விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சிப்பிப்பாறைதான் வேண்டும் என்றால் கலப்பை விட்டுவிட்டு அசல் குட்டியையே தேடலாம். தேசிய விலங்கு மரபு வள அமைப்பு பதிவு செய்துள்ள நாய் இனங்களில் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் உண்டு.

இனத்தைக் கேட்பதை விட, தாய் என்ன வேலை செய்தது என்று கேட்பது உருப்படியானது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப்பூசலில், அதாவது கால்நடை கவரும் சண்டையில், மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்த அவனுடைய நாயையும் கோவிவன் என்று பெயரிட்டுச் சொல்கிறது. மகேந்திரவர்மன் காலத்து ஆள் ஒருவர், நாயைப் பற்றிக் கல்லில் வெட்டத் தகுந்ததாக நினைத்தது அதன் பெயரையும் அது செய்த காரியத்தையும்தான். அதே கண்ணோடு தாயைப் பாருங்கள். நீங்கள் போனதும் குட்டிகளை விட்டுவிட்டு மூலையில் ஒடுங்குகிறதா, பல்லைக் காட்டுகிறதா, ஒரு முறை குரைத்துவிட்டு வந்து முகர்கிறதா? மூன்றாவது வகைத் தாயின் குட்டிதான் குடும்பத்துக்கு ஏற்றது.

குட்டிகளை ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துப் பாருங்கள். பழந்துணியை நூலில் கட்டித் தரையில் இழுத்தால் எல்லாக் குட்டியும் ஓடிவரும். இழுப்பதை நிறுத்திய பிறகு என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். துணியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் குட்டி வீட்டுக்கு நல்லது. துணியைக் கவ்வி உதறிக்கொண்டே மூலைக்குக் கொண்டுபோவது தோப்புக் காவலுக்குப் பரவாயில்லை. இந்தச் சோதனையை ஜாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சிறு வயதில் பார்ப்பதை வைத்து வளர்ந்த நாயைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. வெள்ளைக் குட்டி என்றால் அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். நிறமி குறைந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். உதட்டைத் தூக்கி ஈறு பார்க்கவும்: வெளிறி இருந்தால் குடற்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

நம் ஊரில் முப்பது நாளிலேயே குட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். தப்பு. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-இல் வந்த மத்திய அரசு விதி. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான் நாய்க்கு உலகம் அறிமுகமாகும் காலம். முதல் பாதியில் உடன்பிறப்புகளோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்கிறது. மீதிக் காலத்தில் ஆடு, கோழி, குக்கர் விசில், சைக்கிள், ஓடும் குழந்தை எல்லாம் பழக வேண்டும். தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்காமல் தூக்கிக்கொண்டே காட்டலாம். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுதோறும்.

இனி மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரைக்கே உரிய சங்கடங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்ப்புறம் ஓடும் பூனையைத் துரத்துகிற நாய் வண்டியைப் பார்ப்பதில்லை. கடற்கரையில் அவிழ்த்துவிடலாம் என்றால், ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மணல் இது. நாய்கள் முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடுகின்றன. ஏரிக்கரைப் புதரில் முயல் துரத்துவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம், வேடிக்கையாகக்கூட வேண்டாம். சீமைக் கருவேலங்காட்டு முள்ளும் முள்கம்பியும் இன்னொரு தொல்லை. இவற்றின் தோல் மெல்லியது, சின்னக் கீறல் என்று நினைப்பது சாண் நீளம் கிழிந்திருக்கும். கொழுப்பு குறைந்த உடம்பு என்பதால் மயக்க மருந்தும் இவ்வகை நாய்களுக்கு அளவறிந்து தர வேண்டியது. கருத்தடைக்கோ தையலுக்கோ போகும்போது "வேட்டை நாய்க் கலப்பு" என்று கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவது இந்த உடம்புக்கு இயல்பு. பட்டினி போடுகிறீர்களா என்று தெருவே கேட்கும், கேட்கட்டும். தயிர்சாதம் மட்டும் போடாமல் வேகவைத்து முள் நீக்கிய மத்தியும் முட்டையும் சேர்த்தால் போதும்.

ஆளுயரச் சுற்றுச்சுவர் உள்ள வீடு, காலையும் மாலையும் வெயிலுக்கு முன்னும் பின்னும் நாயோடு ஓடவோ நடக்கவோ ஆள், தெருவில் இறங்கினால் கயிறு. இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், நாட்டு வெயிலுக்குப் பழகிய, முடி உதிர்வு குறைந்த, குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும் நாய் கிடைக்கும். கூடுவாஞ்சேரியிலோ மறைமலை நகரிலோ மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, பகலெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் குட்டியை விட்டுவிடுங்கள். உங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த, இரண்டு வயதான, குணம் தெரிந்த சாதுவான நாயைத் தத்தெடுப்பது உங்களுக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.